காலுக்கு பலூன் வைக்க முதல்வர் கார்டு செல்லுமா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். ஆரணி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு 63 வயது, பட்டுத் தறி நெய்கிறவர். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. போன மாதம் இடது கால் பெருவிரலில் பட்ட காயம் ஆறவே இல்லை. இப்போது விரல் நுனி கருத்துவிட்டது. டாப்ளர் ஸ்கேனில் முழங்காலுக்குக் கீழே ரத்தக்குழாய்கள் அடைத்திருப்பதாக வந்திருக்கிறது. இங்குள்ள சர்ஜன், "முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டி வரலாம். அதற்கு முன்னால் ஒரு இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட்டைப் பார்த்துவிடுங்கள்" என்றார். அப்படி ஒரு டாக்டர் இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். ஒரு தனியார் மருத்துவமனையில் விசாரித்தோம். "கார்டு எடுப்போம், ஆனால் இதற்கு எடுக்க மாட்டோம். ஒன்றே முக்கால் லட்சம் ஆகும்" என்றார்கள். எங்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. கார்டு எடுத்துக்கொள்ளும் ரேடியாலஜிஸ்ட்டை எங்கே தேடுவது? அப்பா கேட்பது ஒன்றுதான்: திரும்பத் தறியில் உட்கார முடியுமா?

— ஒரு மகள், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: டாக்டரைத் தேடுவது இருக்கட்டும். முதலில் அப்பாவின் காலைப் பாருங்கள் அம்மா. நாற்றம் அடிக்கிறதா? சீழ் வடிகிறதா? சிவப்போ வீக்கமோ விரலைத் தாண்டி மேலே ஏறுகிறதா? குளிர்காய்ச்சல் உண்டா? இதில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை அப்படியே வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். இன்றைக்கே பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேருங்கள். சீழ் பிடித்த காலில் முதல் வேலை சீழை வெளியேற்றுவது. கார்டு, ரேடியாலஜிஸ்ட் எல்லாம் அதற்கு அடுத்த பேச்சு. விரல் நுனி காய்ந்து கரிக்கட்டை மாதிரி சுருங்கி நிற்கிறது, மற்றபடி பாதம் சுத்தமாக இருக்கிறது என்றால் கொஞ்சம் அவகாசம் உண்டு. கொஞ்சம் என்றால் சில நாட்கள். அடுத்த மாதம் ஆடித் தள்ளுபடி ஆர்டரை முடித்துவிட்டுப் போகலாம் என்கிற கணக்கெல்லாம் ஆகாது.

உங்கள் ஊர் சர்ஜன் நல்லவர். சர்க்கரை நோயாளியின் கருத்த விரலைப் பார்த்ததும் ரத்த ஓட்டத்தைச் சோதிக்காமலே காலை எடுக்கத் தேதி கொடுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இவர் டாப்ளர் எடுக்கச் சொல்லி, இன்னொருவரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவருடைய சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் என்பவர் ஸ்கேன் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதோடு நிற்காமல், அந்தப் படத்தையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு ஊசித்துளை வழியே சிகிச்சையும் செய்கிறவர். ஆஸ்பத்திரியில் 'ஐ.ஆர். டாக்டர்' என்போம். நானும் முப்பது வருஷம் அந்த வேலைதான் பார்த்தேன், பெரும்பகுதி அரசு மருத்துவமனையில். இந்தத் துறை பிறந்த கதையே உங்கள் அப்பாவின் கதைதான். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் 82 வயது மூதாட்டி ஒருவருக்குக் கால் விரல்கள் அழுகிவிட்டன. காலை எடுக்க வேண்டும் என்றார்கள், அந்த அம்மா முடியவே முடியாது என்றுவிட்டார். அங்கே ரேடியாலஜிஸ்ட்டாக இருந்த சார்லஸ் டாட்டர், தொடையில் ஓடும் ரத்தக்குழாயின் அடைப்பைக் குழல்களை உள்ளே செலுத்தி விரித்துவிட்டார். அந்த அம்மா கடைசிவரை தன் காலிலேயே நடந்தார். அடைத்த குழாயை உள்ளிருந்தே பலூனால் விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியை இதயத்துக்குச் செய்கிறார்களே, அது பின்னால் வந்தது. முதலில் திறக்கப்பட்டது கால்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். "கார்டு எடுத்துக்கொள்ளும் ரேடியாலஜிஸ்ட் யார்" என்று தேடினால் கடைசிவரை கிடைக்க மாட்டார். ஏனென்றால் காப்பீட்டுத் திட்டத்தில் டாக்டர்களைச் சேர்ப்பதில்லை, மருத்துவமனைகளைத்தான் சேர்க்கிறார்கள். அதிலும் மொத்தமாகச் சேர்ப்பதில்லை. ஒரு மருத்துவமனைக்கு எலும்பு சிகிச்சைக்கு அனுமதி இருக்கும், சிறுநீரகத்துக்கு இருக்கும், ரத்தக்குழாய்க்கு இருக்காது. ஒவ்வொரு சிகிச்சையும் 'பேக்கேஜ்' என்ற பெயரில் ஒரு விலையோடு பட்டியலில் நிற்கும். ஆக "கார்டு எடுப்போம், இதற்கு எடுக்க மாட்டோம்" என்று அவர்கள் சொன்னது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அந்தப் பிரிவுக்கு அவர்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். அனுமதி இருந்தும், பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகாது என்று தட்டிக்கழிப்பதும் உண்டு. முழங்காலுக்குக் கீழே ஓடும் குழாய்கள் இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் அகலம்தான். அதற்கான மெல்லிய வயர்களும் நீள பலூன்களும் விலை அதிகம், நேரமும் அதிகம் பிடிக்கும். அவர்கள் பக்கத்துக் கணக்கு அது. உங்கள் பக்கத்துக் கணக்கு வேறு.

அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: "கால் ரத்தக்குழாய்க்கு பெரிஃபெரல் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய, முதலமைச்சர் காப்பீட்டில் உங்களுக்கு அனுமதி இருக்கிறதா?" இந்த இரண்டு வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பெரிஃபெரல் ஆஞ்சியோபிளாஸ்டி. வெறும் 'ஆஞ்சியோ' என்று கேட்டால் கவுண்டரில் இருக்கிற பிள்ளை இதயம் என்று நினைத்துக்கொண்டு ஆமாம் போட்டுவிடும். அப்புறம் படுக்கை போட்ட பிறகுதான் குட்டு உடையும்.

இன்னொரு சிக்கல். இந்தச் சிகிச்சை எந்தத் துறைப் பெயரில் நடக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒரு மருத்துவமனையில் ரேடியாலஜி, இன்னொன்றில் ரத்தநாள அறுவை சிகிச்சைத் துறை (வாஸ்குலர் சர்ஜரி என்று பலகை இருக்கும்), வேறு சில இடங்களில் இதய நோய்த் துறை. அங்கே 'இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி' என்று கேட்டு, இல்லை என்றதும் திரும்பி வந்துவிடாதீர்கள். என் துறைக்காரர்களுக்கு எதிராகவே ஒன்று சொல்கிறேன்: இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள குழாய்களை அடிக்கடி திறக்கிற கை எதுவோ அதுதான் உங்களுக்கு வேண்டும். அந்தக் கை வாஸ்குலர் சர்ஜனுடையதாக இருந்தால் ரொம்ப நல்லது, பலூன் போகாவிட்டால் பைபாஸ் செய்யவும் அவருக்குத் தெரியும். "மாதத்தில் எத்தனை பேருக்கு முழங்காலுக்குக் கீழே செய்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

தேடலை வீட்டிலிருந்தே தொடங்கலாம். திட்டத்தின் இலவசத் தொலைபேசி எண் 1800 425 3993. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டு, கார்டு இப்போது நடப்பில் இருக்கிறதா, அப்பாவின் பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம், சென்னை மாவட்டங்களில் பெரிஃபெரல் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அனுமதி பெற்ற மருத்துவமனைகள் எவை என்று கேட்டு, பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். பேசியவர் பெயர், தேதி, நேரம் மூன்றையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரையில், இப்படிக் குறித்து வைத்திருக்கிற குடும்பத்திடம் எந்தக் கவுண்டரும் கொஞ்சம் பணிவாகவே பேசும்.

கார்டு 2012-ல் இந்தத் திட்டம் தொடங்கியபோது வாங்கியதா என்று பாருங்கள். அப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம்தான். 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைத்த பிறகு அது ஐந்து லட்சம். பழைய அட்டை என்பதற்காகப் பயப்பட வேண்டாம், ஆனால் சரிபார்க்காமல் பஸ் ஏறவும் வேண்டாம். பெயர் விட்டுப்போயிருந்தாலோ அட்டை நடப்பில் இல்லை என்றாலோ, கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, ரேஷன் கார்டு, ஆதார் அட்டைகளோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, வீட்டில் ஒருவர் இந்த வேலையைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். கார்டு வரட்டும், அப்புறம் சேர்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

எங்கே போவது? என்னைக் கேட்டால் முதலில் அரசு மருத்துவமனை. இதை நான் அங்கே வேலை பார்த்த பாசத்தில் சொல்லவில்லை. அங்கே சிகிச்சைக்குக் கார்டே தேவையில்லை, ஆனாலும் கார்டைக் காட்டுங்கள். பலருக்கும் இது புரிவதில்லை: "கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிதானே, எதற்குக் கார்டு?" என்பார்கள். உங்கள் கார்டின் பேரில் வரும் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே போகிறது. பலூனும், குழாய் மறுபடி சுருங்காமல் உள்ளே வைக்கும் வலைக்குழலான ஸ்டென்ட்டும், வயரும் வாங்குவதற்கு அந்தப் பணம் பெரிய பலம். நான் இருந்த இடத்தில், அலமாரியில் பலூன் இல்லாத நாட்களில் கார்டு உள்ள நோயாளி ஒருவர் வந்தால், அவருக்கென்றே இரண்டு நாளில் வரவழைத்துவிடுவோம். கார்டு இல்லாதவருக்கு வழி பிறக்க இரண்டு வாரம்கூட ஆகும். இந்த வேறுபாடு எனக்குப் பிடித்ததில்லை, ஆனால் அப்படித்தான் இருந்தது.

உங்கள் பக்கம் திருவண்ணாமலையிலும் வேலூர் அடுக்கம்பாறையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. முதலில் இவற்றில் ஒன்றில் அறுவை சிகிச்சை வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள். அங்கேயே வசதி இருந்தால் நல்லது. இல்லையென்றால் சென்னைக்கு அனுப்பச் சொல்லி எழுதி வாங்குங்கள். சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைத் துறையும் இருக்கிறது, பார்னார்டு கதிரியக்க நிலையமும் அதே வளாகத்தில்தான். நேராகக் கதிரியக்க நிலையத்து வாசலில் போய் நிற்காதீர்கள். ஐ.ஆர். டாக்டர் தானாக நோயாளியைச் சேர்ப்பது அரசு மருத்துவமனையில் அபூர்வம். சர்ஜரி அல்லது சர்க்கரை நோய்த் துறை வழியாக உள்ளே போய், அவர்கள் எங்களைக் கூப்பிட வேண்டும். வெளிநோயாளர் சீட்டு போடுவது காலையில்தான், ஆரணியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் தாமதமாகிவிடும். முந்தின இரவே போய்விடுவது நல்லது.

தனியாரில் அனுமதி பெற்ற மருத்துவமனை ஒன்று பக்கத்திலேயே கிடைத்துவிட்டால் தாராளமாகப் போங்கள். அங்கே காப்பீட்டுத் திட்டத்துக்கென்று தனிக் கவுண்டர் இருக்கும். டாப்ளர் ரிப்போர்ட், காயத்தின் படம், சர்ஜனின் சீட்டு எல்லாவற்றையும் அவர்கள் கணினியில் ஏற்றி அனுமதி கேட்பார்கள். 'அப்ரூவல்' வந்த பிறகுதான் சிகிச்சை. கால் ஆபத்தில் இருக்கிறது என்று டாக்டர் எழுதினால் அவசர அனுமதி கேட்கவும் வழி இருக்கிறது, அதை நீங்களே நினைவுபடுத்துங்கள். அனுமதி வந்ததும் ஒரே ஒரு கேள்வி: "இந்தப் பேக்கேஜுக்கு மேல் நாங்கள் ஏதாவது கட்ட வேண்டுமா?" பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது என்பதுதான் விதி. "மருந்து தடவிய பலூன் போட்டால் நல்லது, அது மட்டும் வெளியே" என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரலாம். எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் அதே இலவச எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் இதற்கென்றே குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. திங்கட்கிழமை மனு கொடுக்கும் கூட்டத்தில் கொடுத்தாலும் அங்கே போய்ச் சேரும். "நான் அப்ரூவல் வாங்கித் தருகிறேன், ஐயாயிரம் கொடுங்கள்" என்று ஆஸ்பத்திரி வாசலில் வருகிறவரிடம் மட்டும் கார்டைக் காட்டாதீர்கள்.

போகும்போது டாப்ளர் ரிப்போர்ட்டோடு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவையும் எடுத்துப் போங்கள். பதினைந்து வருஷ சர்க்கரையில் சிறுநீரகமும் களைத்திருக்கலாம். ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் மருந்து அயோடின் கலந்தது, களைத்த சிறுநீரகத்துக்கு அது ஆகாது. அளவைக் குறைத்தும், சில இடங்களில் கார்பன் டை ஆக்சைடு வாயுவை வைத்தும் சமாளிக்க முடியும், ஆனால் டாக்டருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அப்பா மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாரா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதும் எடுக்கிறாரா என்பதையும் சொல்லிவிடுங்கள். தானாக எதையும் நிறுத்த வேண்டாம்.

சிகிச்சை எப்படி இருக்கும் என்று அப்பா கேட்பார். மயக்கம் கொடுக்க மாட்டார்கள். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கே ஒரு சின்னத் துளை. அதன் வழியே முடி போன்ற வயரை உள்ளே விட்டு, திரையில் பார்த்துக்கொண்டே அடைப்பைத் தாண்டுவோம். அதன் மேல் பலூனை ஏற்றி ஊதி விரிப்போம். விரியும் நேரத்தில் காலில் ஒரு கடுப்பு இருக்கும், சுருக்கியதும் போய்விடும். முழங்காலுக்குக் கீழே பெரும்பாலும் பலூன் மட்டும்தான், ஸ்டென்ட் வைப்பது குறைவு. ஒரு மணி நேரமும் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். நூல் சிக்கலை அறுக்காமல் பிரிக்கிற வேலை என்று சொல்லுங்கள், அப்பாவுக்குப் புரியும். முடிந்ததும் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும்.

இனி சங்கடமான விஷயம். கருத்துப்போன நுனி திரும்பி வராது. ரத்தம் பாய்ந்த பிறகும் அந்த விரல் நுனியை, ஒருவேளை விரலையே எடுக்க வேண்டி வரும். "பலூன் வைத்தும் விரலை எடுத்துவிட்டார்களே" என்று ஊரில் பேசுவார்கள். நாம் காப்பாற்றப் பார்ப்பது பாதத்தை. ரத்தம் வராத இடத்தில் விரலை எடுத்தால் அந்தப் புண்ணும் ஆறாது, வெட்டு மேலே மேலே ஏறும். ரத்தம் வந்த பிறகு எடுத்தால் அங்கேயே ஆறி நிற்கும். எல்லாருக்கும் பலூன் போகும் என்றும் சொல்ல முடியாது. பாதத்தில் போய்ச் சேர ஒரு குழாய்கூட மிச்சமில்லாத கால்களையும் பார்த்திருக்கிறேன். திறந்த குழாய் சில மாதங்களில் மறுபடி சுருங்குவதும் சாதாரணம். அதற்குள் புண் ஆறிவிட்டால் நமக்கு அது போதும்.

ஒருமுறை செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் வந்தார். மூன்று தனியார் மருத்துவமனைகளில் ஏறி இறங்கி, கார்டு செல்லுமா செல்லாதா என்ற விசாரணையிலேயே இருபது நாள் போயிருந்தது. வரும்போது சிவப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. எங்களிடம் பலூனும் இருந்தது, அனுமதியும் அன்று மாலையே வந்தது. காலில்தான் ஒன்றும் மிச்சமில்லை. உங்களுக்கு இரண்டு நாள் கெடு வைக்கிறேன்: அதற்குள் தொலைபேசியில் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், தேடுவதை விட்டுவிட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். மிச்சத் தேடலை உள்ளே இருந்துகொண்டு செய்யலாம்.

அப்பாவின் கேள்வி. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, வெறுங்காலால் மிதிகட்டையை அழுத்துகிற வேலை அவருடையது. புண் முழுக்க மூடும்வரை அது வேண்டாம். மூட இரண்டு மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். மூடிய பிறகு உட்காரலாம் என்றுதான் நினைக்கிறேன். பெருவிரல் இல்லாமலே மிதிக்கப் பழகிய ஒரு நெசவாளரை எனக்குத் தெரியும். ஆனால் சர்க்கரையில் அவர் பாதம் உணர்ச்சி மங்கியிருக்கும், அந்த முதல் காயம் பட்டதே அவருக்குத் தெரிந்திருக்காது. மிதிகட்டையின் விளிம்பில் சிலாம்பு இல்லாமல் இழைத்து, மெத்தென்ற துணி சுற்றிக் கட்டுங்கள். நடக்க எம்.சி.ஆர். செருப்பு, அதாவது உணர்ச்சி மங்கிய பாதத்துக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு, அரசு மருத்துவமனையிலேயே கேட்டுப் பாருங்கள். பீடி பழக்கம் இருந்தால் அதைப் பற்றி நான் எழுதி என்ன ஆகப்போகிறது, நீங்கள் அழுது கேட்டால் ஒருவேளை விடுவார். இன்று ராத்திரி அவர் தூங்கப் போகுமுன் வலது பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் விரல் இடுக்கு வரைக்கும் பார்த்துவிடுங்கள். இடது காலில் அடைப்பு இருக்கிறது என்றால் வலதிலும் இருக்கலாம். டாப்ளர் எடுக்கும்போது அதையும் சேர்த்து எடுத்தார்களா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள்.